திரைப்பட விமர்சனத்தின் அளவுகோல்கள்: ‘கலைப்படம்’, ‘வர்த்தகப்படம்’ என்னும் பாகுபாடு பற்றிய ஒரு நோக்கு

தமிழில் இலக்கிய விமர்சனம் அடைந்துள்ள வளர்ச்சியோடு ஒப்பிடும்பொழுது, திரைப்பட விமர்சனம் இன்னும் தீர்ப்புரைக்கும் நிலையிலேயே நிற்கின்றது எனலாம். ஒரு நாவலை ஆராயப் புகுபவர், அது தோன்றிய சமூகச் சூழல், பாத்திர வார்ப்பு, மொழி, கதைப்பின்னல் ஆகியவற்றுக்கிடையேயுள்ள தொடர்பை விளக்கக் கடமைப்பட்டவர் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. திரைப்படத்தைப் பற்றி எழுதுபவரிடம் இப்பொறுப்பு எதிர்பார்க்கப்படுவதில்லை. நன்று அல்லது தீது என்ற முடிவே போதுமானதாகக் கொள்ளப்படுகின்றது. அம்முடிவும் பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னரே எடுக்கப்பட்டு விடுகின்றது. ‘கலைப்படம்’ என ஒரு குவியலும், ‘வர்த்தகப்படம்’ என மற்றொரு குவியலும் ஏற்கெனவே உள்ளன. விமர்சகரின் பணி ஒவ்வொரு படத்தையும் உரிய குவியலிற் போடுவதாகவே சுருங்கிவிடுகின்றது.

இக்கட்டுரையிற் சிறந்த படங்களின் பட்டியலொன்றைத் தருவது நமது நோக்கமன்று. விமர்சகர் படங்களை மதிப்பிடுவதற்குக் கையாண்டு வந்துள்ள அளவுகோல்களைச் சில படங்களின் துணைகொண்டு பரிசீலிப்பதே நாம் செய்ய விழைவது. அவ்வளவுகோல்களை மூன்றாக வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, படம் ‘என்ன சொல்கின்றது’ என்ற கருத்து அளவுகோல். இரண்டாவது, யதார்த்தம் என்ற அளவுகோல். மூன்றாவது, வசூல், விருது ஆகிய புறவெற்றிகளின் அளவுகோல். இவற்றுள் முதலாவதை அதிகம் கையாண்டவர்கள் நம்மையொத்த மார்க்சிய நோக்குடையோரே என்பதையும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

1

ஈழத்தில் இப்பாகுபாடு தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவது பயன்தரும். முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஆம் ஆண்டு திரைக்கு வந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் உருவானது தென்னிந்தியாவில். தொடர்ந்து வந்த சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்தியக் கலையகங்களில், தென்னிந்தியப் படங்களின் கதையமைப்பு, பாடல், நகைச்சுவை ஆகியவற்றை அடியொற்றியே எடுக்கப்பட்டன. இந்நிலையில் 1956 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’, கலையகத்தை விட்டு வெளியேறி ஈழத்துக் கிராமத்தின் வெயிலிலும் வெளியிலும் படமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிற் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது. விமர்சகர் போற்றினர், மக்கள் போதியளவு வரவில்லை. ‘நல்ல படத்தை மக்கள் பார்ப்பதில்லை’ என்ற வாய்பாடு இந்நாட்டில் வேரூன்றியது ஏறத்தாழ இக்காலத்திலேதான்.

1956 என்பது அரசியல் வரலாற்றிலும் முக்கியமான ஆண்டு. சுதேசியப் பண்பாட்டை நாடிய தேசிய எழுச்சியின் காலம் அது. ‘நமது சினிமா’ என்ற குரலும் இந்த எழுச்சியின் ஒரு கூறே. தென்னிந்திய வாய்பாட்டிலிருந்து விடுபடவேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆயின், அந்நியமானது என்பதும் தரக்குறைவானது என்பதும் அக்கோரிக்கையில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதுமட்டுமன்று, ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்து விமர்சகர், வர்த்தகப் படத்தை வெறுத்ததோடு அதனைப் பார்த்த மக்களையும் சேர்த்தே வெறுத்தார். உழைத்துக் களைத்த ஒருவர் இரண்டரை மணி நேரத்தை ஏன் அங்கே செலவிட விரும்புகின்றார் என்ற வினா எழுப்பப்படவேயில்லை.

எனினும் அக்கால விமர்சகர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தல் தவறாகும். ஆங்கிலத்தில் எழுதிய முன்னணி விமர்சகருள் ஒருவரான றெஜி சிறிவர்தன, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை அடிப்படையாகக் கொண்ட ‘கம்பெரலிய’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1963 ஆம் ஆண்டுக்குரிய அப்படம் 1965 இல் புதுடில்லியில் நடைபெற்ற அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதைப் பெற்றது. தீர்ப்பு வழங்கும் ஆசனத்திலிருந்து இறங்கிப் படைப்பின் பங்காளியாக மாறிய விமர்சகர் ஒருவரை இங்கே காண்கின்றோம். இவ்வுதாரணத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

‘கம்பெரலிய’ பற்றி இடதுசாரி விமர்சகர் சிலர் எழுப்பிய ஆட்சேபமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நிலப்பிரபுத்துவ வளவு ஒன்றின் சிதைவையும் வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் சித்திரித்த நாவலை, பீரிஸ் தனிமனித மனவுணர்வுகளின் கதையாக மென்மைப்படுத்திவிட்டார் என்பதே அந்த ஆட்சேபத்தின் சாரம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் படத்திலே வளவின் அறைகள், தளபாடங்கள், நந்தாவும் பியலும் பார்வையைத் தாழ்த்திப் பேசும் முறை ஆகியன வர்க்க உறவைத் தாமே பேசுகின்றன. வசனத்தில் வர்க்கத்தைத் தேடியவர்கள் அது அறைக்குள்ளே அமர்ந்திருந்ததைக் காணத் தவறினர். இது கருத்து அளவுகோலின் முதற் குறைபாடு.

2

கருத்து அளவுகோல் ஒரு வர்த்தகப் படத்தை எவ்வாறு கையாண்டது என்பதற்கு ‘பராசக்தி’ தக்க உதாரணமாகும். கிருஷ்ணன்-பஞ்சுவின் நெறியாள்கையில், மு. கருணாநிதியின் வசனத்தோடு 1952 இல் வெளிவந்த இப்படத்தைச் சனாதனிகள் மத நிந்தனை எனக் கண்டித்தனர்; தடைசெய்ய வேண்டும் என்றும் கோரினர். பகுத்தறிவு இயக்கத்தினர் அதே காரணத்துக்காகவே அதனைப் போற்றினர். தூய சினிமாவை வேண்டியோர், இது படமாக்கப்பட்ட நாடகமே என்று ஒதுக்கினர். மார்க்சியர் சிலர், வறுமையைக் காட்டிவிட்டு வர்க்கப் போராட்டத்தைக் காட்டவில்லை எனக் குறைகூறினர். நான்கு தரப்பினரும் வசனத்தையே மதிப்பிட்டனர். அல்லது வசனம் மிகுந்திருந்தமையைக் கண்டித்தனர்.

ஆனால் அப்படத்தின் பலமே, செந்தமிழ் அடுக்குமொழியைப் பிச்சைக்காரனாய்த் திரியும் ஒருவன் நீதிமன்றத்தில் நின்று பேசியதில் உள்ளது. கற்றோரதும் மேடைப் பேச்சாளரதும் உடைமையாயிருந்த மொழி, குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒலித்தது. கல்விக்கும் அதிகாரத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டிருந்த சபையோருக்கு அது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தமிழரிடையே சாதி பேதமின்றி எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு சினிமாக் கொட்டகையே என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பூடகமாக ஆராய்ந்த தமது 1981 ஆம் ஆண்டு நூலிற் சுட்டிக் காட்டினார். அந்தக் கூரையின் கீழிருந்து நோக்கினாலன்றிப் ‘பராசக்தி’யின் வலிமையும் புலப்படாது, அதன் எல்லையும் புலப்படாது. வீறு கொண்ட பேச்சு முடிந்ததும், குடும்பம் ஒன்று சேர்வதிலேயே சமூக முரண்பாடும் தீர்ந்துவிட்டதாகப் படம் நம்மை வீட்டுக்கு அனுப்புகின்றது. மொழியிலே நிகழ்ந்த கிளர்ச்சி கதையமைப்பில் நிகழவில்லை. இந்த முரண்பாட்டை விளக்குவதே விமர்சனம். புகழ்வதும் இகழ்வதும் அதற்குப் பிற்பட்டன.

கருத்து அளவுகோலின் அபாயத்தை ஈழத்து அனுபவம் இன்னும் கடுமையாக உணர்த்தியுள்ளது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997 இல் உருவான படம். போர்முனையில் இறந்ததாகக் கூறப்படும் மகனின் உடல், திறக்கக்கூடாதென முத்திரையிடப்பட்ட பெட்டியில் வறண்ட கிராமமொன்றுக்குக் கொண்டுவரப்படுகின்றது. கண்பார்வையற்ற தந்தை வன்னிஹாமி, மகன் இறந்தான் என்பதை நம்ப மறுக்கின்றார். நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கின்றார். ஈற்றிற் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கும்பொழுது வாழைக் குற்றிகளும் கற்களுமே அதனுள் இருக்கக் காண்கின்றோம். இப்படத்தின் திரையிடல் 2000 ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டது. 2001 இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே வழி திறந்தது. விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’ 2005 இல் கான் விழாவில், முதற் படத்துக்கு வழங்கப்படும் தங்கக் கமரா விருதைப் பெற்றபொழுது, படைத்தரப்பினர் சிலரும் தேசியவாத எழுத்தாளரும் அதனை நாட்டுக்கு எதிரான படமெனத் தாக்கினர்.

இத்தாக்குதல்களின் தர்க்கம் யாது? ‘இப்படம் யாருக்குச் சேவை செய்கின்றது?’ என்ற வினாவே அது. அவ்வினா நமக்குப் பழக்கமானது. நாமே பல தடவை எழுப்பிய வினா. அதனை எழுப்புவதில் தவறில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடுவது தவறு. படத்தின் உள்ளே நுழையாமல் அதன் ‘நிலைப்பாட்டை’ மட்டும் விசாரிக்கும் விமர்சனம், அதிகாரம் வேறு கைக்கு மாறும்பொழுது தணிக்கையாளரின் கருவியாகிவிடுகின்றது. ‘புரஹந்த களுவர’வின் உள்ளே நுழைந்தவர்கள், பாதியில் நின்றுபோன அக்குடும்பத்தின் வீட்டைக் கண்டிருப்பர். அவ்வீடு முற்றுப்பெறுவதற்கு நட்டஈட்டுப் பணம் வேண்டும். நிலமும் நீரும் கைவிட்ட விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளே போருக்குப் போயினர் என்ற பொருளாதார உண்மையை, வசனம் ஏதுமின்றி, அந்தச் சுவர்கள் கூறின. சிங்களக் கிராமத்துத் தந்தை ஒருவர் பெட்டியைத் திறக்கக் கோரியதும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்த் தாய்மார் காணாமற்போன தம் பிள்ளைகளைப் பற்றி விடை கோரியதும் ஒரே வினாவின் இரு குரல்கள் என்பதைத் தமிழ் விமர்சனம் போதிய அழுத்தத்தோடு எடுத்துரைத்ததாகச் சொல்ல முடியாது.

3

யதார்த்தம் என்ற அளவுகோல் முன்னதினும் நுண்மையானது. ஆதலால் அதன் தவறுகளும் எளிதில் வெளிப்படுவதில்லை. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955 இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கான் விழாவிற் கௌரவம் பெற்ற பின்னர், தென்னாசியாவில் ‘நல்ல படம்’ என்பதற்கு ஓர் இலக்கணம் உருவாயிற்று. அடங்கிய நடிப்பு, இயற்கையான ஒளி, பாடல் தவிர்ப்பு, மென்மையான கதை நகர்வு என்பனவே அதன் கூறுகள். ராயின் படைப்புக்கு இது குறையன்று. ஆனால் ஒரு மகா கலைஞனின் வழி, எல்லோருக்குமான விதியாக மாற்றப்பட்டது விமர்சகரின் குறையே.

இவ்விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர் ரித்விக் கட்டக். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்த இவரது முதற் படம் ‘நாகரிக்’ 1952 இல் முடிக்கப்பட்டும், அவர் இறந்ததற்கு மறு ஆண்டாகிய 1977 இலேயே திரையைக் கண்டது. 1960 இல் வந்த ‘மேகே டாகா தாரா’, வங்கப் பிரிவினையால் அகதியான குடும்பமொன்றைத் தாங்கும் நீதா என்ற பெண்ணின் கதை. அவள் உழைப்பில் தமையன் பாடகனாகின்றான். காதலன் தங்கைக்குக் கணவனாகின்றான். அவளுக்கு எஞ்சுவது காசநோய். கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்பவர் இதனை எந்தக் கண்ணீர்ப் படத்திலிருந்தும் வேறுபடுத்த மாட்டார். விமர்சகர் பலர் அவ்வாறே கட்டக்கை மிகையுணர்ச்சியாளர், கட்டுப்பாடற்றவர் என்றனர்.

ஆனால் அந்த மிகையை அவர் எவ்வாறு பயன்படுத்துகின்றார் என்பதே கவனிக்கத்தக்கது. காதலனின் துரோகத்தை அறிந்து நீதா படியிறங்கும்பொழுது ஒலித்தடத்திற் சவுக்கடி கேட்கின்றது. கதையுலகில் அங்கே சவுக்கு எதுவும் இல்லை. மகள் மணமுடித்துச் சென்றால் வருவாய் நின்றுவிடுமே எனத் தாய் அஞ்சும் இடங்களில் அடுப்பில் கொதிக்கும் ஓசை மேலெழுகின்றது. யதார்த்த அளவுகோலின்படி இவை குறைகள். ஆயின் தாயின் கொடுமைக்குக் காரணம் அவள் குணமன்று, வெறும் பானை என்பதை அந்த ஓசை கூறிவிடுகின்றது. குடும்பப் பாசம் என்று நாம் அழைப்பதன் அடியில் இயங்கும் பொருளாதாரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சிகள் சிலவே. வர்த்தகப் படத்தின் மிகையுணர்ச்சி, சமூக முரண்பாட்டைக் கண்ணீரிற் கரைத்துவிடும். கட்டக்கின் மிகையுணர்ச்சியோ கண்ணீருக்குள் அம்முரண்பாட்டைக் கெட்டியாக்கி நம் கையில் வைக்கின்றது. கருவி ஒன்றே, தொழிற்பாடு வேறு. கருவியைக் கண்டவுடனேயே தீர்ப்பளித்தவர்கள் தொழிற்பாட்டைக் காணவில்லை.

யதார்த்தவாதம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் வடிவமன்று. உண்மையைக் கண்டறிவதற்குக் காலந்தோறும் புதிய வழிகளைக் கண்டுபிடிப்பதே யதார்த்தவாதம் என்பது பிரெக்ற்றின் நிலைப்பாடு. 1930 களில் லூக்காச்சுக்கு எதிராக அவர் கொண்டிருந்த இந்நிலைப்பாட்டை நாம் இலக்கியத்துக்குப் பொருத்தினோம். திரைப்படத்துக்குப் பொருத்த மறந்தோம். மக்கள் நாடக இயக்கத்தின் பிளவைப் பேசிய கட்டக்கின் ‘கோமல் காந்தார்’ 1961 இல் வந்தபொழுது, இடதுசாரி வட்டங்களிலேயே அதிருப்தியை எழுப்பியது என்பதையும் மறைப்பதற்கில்லை. புனே திரைப்படக் கல்லூரியில் அவரிடம் பயின்றவருள் ஒருவரான ஜோன் ஆபிரகாமே பின்னர் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை 1977 இல் உருவாக்கினார் என்பது, விமர்சகர் ஒதுக்கிய ஒரு வழி ஆசிரியத்தின் மூலம் தமிழுக்கு வந்து சேர்ந்த வரலாறாகும்.

4

மூன்றாவது அளவுகோல் வெளிப்படையானது. படம் ஓடியதா, விருது பெற்றதா என்பதே அது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், படத்துக்கு வெளியே நின்று படத்தை மதிப்பிடுவதில் ஒன்றுபடுகின்றன.

‘பொன்மணி’யின் அனுபவம் நமக்கு மிகவும் அண்மித்தது. சிங்களத் திரையுலகில் ‘அஹஸ் கவ்வ’ மூலம் அறிமுகமாகி, யாழ்ப்பாண வளாகத்திற் சிங்கள விரிவுரையாளராகப் பணியாற்றிய தர்மசேன பத்திராஜ, காவலூர் இராஜதுரையின் கதையமைப்பில் 1977 இல் உருவாக்கிய தமிழ்ப் படம் இது. வளாகத்தைச் சார்ந்தோரும் நாடகத்துறையினரும் அதில் நடித்தனர். சீதனமும் சாதியும் யாழ்ப்பாணக் குடும்பமொன்றை நெருக்கும் விதத்தை, ஆரவாரமின்றி, வீட்டு முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் உரிய அமைதியோடு காட்டியது. வசூலில் அது தோற்றது. இத்தகைய படங்களைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் ‘மந்தகதி’ என்ற சொல்லே அதன் மரண சாசனமாயிற்று.

அதன் தோல்விக்குத் தமிழ்நாட்டுப் படங்களில் ஊறிய ரசனையே காரணம் என்பது பொதுவான விளக்கம். இவ்விளக்கம் பாதி உண்மையே. 1972 இல் நிறுவப்பட்ட அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இறக்குமதியும் விநியோகமும் இருந்தன. எனினும் சிங்களப் படத்துக்குரிய பரந்த சந்தை ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு இருக்கவில்லை. வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு எனச் சிதறிய சிறிய சபையை நம்பி ஓராண்டில் ஓரிரு படங்களே எழ முடிந்தன. 1972 இல் ‘குத்துவிளக்கு’, 1978 இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என்று முயற்சிகள் தொடர்ந்தாலும், ஒரு படத்தின் அனுபவம் அடுத்த படத்துக்கு மூலதனமாகும் தொழிற்றுறை உருவாகவில்லை. ரசனை வானத்திலிருந்து வருவதில்லை. பார்க்கக் கிடைப்பதிலிருந்தே அது உருவாகின்றது. கிடைப்பதைத் தீர்மானிப்பது உற்பத்தியும் விநியோகமும் ஆகும். மக்களின் ரசனையைக் குறைகூறிய விமர்சகர், அந்த ரசனையை உற்பத்தி செய்த சந்தையைப் பற்றி எழுதவில்லை.

இதற்கு மறுபுறமாக, மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979 இல் தமிழ்நாட்டு வர்த்தக அமைப்பின் உள்ளிருந்தே வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து முளைத்த இப்படத்தில் இளையராஜாவின் இசையும் பாடலும் உண்டு, வில்லன் உண்டு, ஈற்றில் தண்டனையும் உண்டு. ஆனால் தண்டிக்கும் ஊராரையே குற்றவாளிகளாக்கி, நல்லோர்-தீயோர் என்ற வர்த்தக வாய்பாட்டை அப்படம் தன் கடைசிக் காட்சியில் உடைத்தது. மக்கள் அதனைப் பார்த்தனர். வசூலிலும் வெற்றி பெற்றது. இதே மக்களா ‘பொன்மணி’யைப் புறக்கணித்தனர்? பழகிய வடிவத்தின் கதவைத் திறந்து உள்ளே வந்து, பின்னர் அதன் சுவரை இடித்த படத்தை மக்கள் ஏற்றனர். பழகிய கதவு எதனையும் திறக்காத படத்தைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு வழிகாட்டி தேவைப்பட்டார். அந்த வழிகாட்டியாக இருந்திருக்க வேண்டியவர் விமர்சகரே. ‘பொன்மணி’யில் நடித்த கல்வியுலகம், ‘பொன்மணி’க்கான சபையை உருவாக்கவில்லை.

5

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். ‘கலைப்படம்’, ‘வர்த்தகப்படம்’ என்பன படங்கள் உற்பத்தியாகும், விநியோகிக்கப்படும் முறைகளைச் சுட்டும் பெயர்களே. அவை தரத்தின் பெயர்கள் அல்ல. முதலீட்டின் வழியைச் சுட்டும் பெயரைக் கலைத்தீர்ப்பாகக் கொள்வது, விலைச்சீட்டைப் பார்த்துத் துணியின் நெசவைப் புகழ்வது போன்றதாகும். இரு வகைப் படங்களையும் ஒரே வினாவோடு அணுகவேண்டும். இப்படம் தான் எடுத்துக்கொண்ட வாழ்க்கை உறவின் முரண்பாட்டைத் தன் வடிவத்தினூடே வெளிப்படுத்துகின்றதா, மறைக்கின்றதா என்பதே அவ்வினா. வடிவத்தை விலக்கிக் கருத்தைக் கேட்பவரும், கருத்தை விலக்கி வடிவத்தைக் கேட்பவரும் பாதிப் படத்தையே பார்த்தவராவர்.

அடுத்தது, விமர்சகரின் இடம் பற்றியது. ராய் 1947 இற் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை நிறுவியவருள் ஒருவர், கட்டக் ஆசிரியர், றெஜி சிறிவர்தன திரைக்கதை எழுதினார். மூவரும் தீர்ப்போடு நிற்கவில்லை. இன்று படமெடுக்கும் கருவிகள் மலிந்துள்ளன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இளைஞர் குறும்படங்களை எடுக்கின்றனர். அவற்றுட் பலவும் ஒரு மாலைத் திரையிடலோடு மறைந்துவிடுகின்றன. அவற்றுக்கு வெறும் பாராட்டுப் பயன்படாது, ஏளனமும் பயன்படாது. காட்சி காட்சியாக எடுத்துப் பேசும் சபையே அவற்றுக்குத் தேவை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கவியரங்குக்கும் நாடகத்துக்கும் அளித்துள்ள இடத்தைத் திரைப்படத்துக்கும் அளித்து, ஆண்டுக்குச் சில படங்களையேனும், வர்த்தகப் படம் கலைப்படம் என்ற வேறுபாடின்றித் திரையிட்டு விவாதிப்பது நடைமுறைக்குச் சாத்தியமான முதலாவது படியாகும்.

‘பொன்மணி’யை அதன் காலத்து விமர்சனம் காப்பாற்றவில்லை. அடுத்த ‘பொன்மணி’யை எடுப்பவர் இப்பொழுது எங்கோ ஓர் ஒழுங்கையிற் கமராவோடு நிற்கக்கூடும். அவருக்காக ஒரு சபையை உருவாக்கும் பொறுப்பு நம்முடையது.